இரண்டங்குலத் தண்டவாளம்

அம்மணி,

நீ மலையேறிப் போய் இன்றோடு நாலு மாசம் ஆகிறது. போடியில் இறங்கி, கம்பத்தில் வண்டி மாறி, சக்குபள்ளம் போய்ச் சேர்ந்தாயிற்று என்று மாப்பிள்ளை ஒரு கார்டு போட்டிருந்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் எழுத்து வேறு எப்படி இருக்கும்? உன் கையால் ஒரு வரி இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும்தான் இந்த நாலு மாசத்தில் ஏழெட்டுத் தரம் காகிதத்தை எடுத்து, 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதி, அந்தப் பொய்க்கு மேல் பேனா நகராமல் மடித்து வைத்தேன். இன்றைக்கு மில்லுக்கு விடுமுறை. எஞ்சினைத் துடைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கொல்லங்கோட்டில் காற்று ஆரம்பித்துவிட்டது. கணவாய் வழியாக வந்து கூரை ஓட்டைப் பிய்க்கிற, உதட்டை வெடிக்க வைக்கிற அதே காற்றுதான். நீ இருக்கும் இடத்தில் மழைச்சாரலும் அட்டையும் தவிர வேறு இருக்காது. அந்த ஈரம் எனக்கும் தெரியும்.

உன் அம்மா என்னிடம் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் பூனையிடம் சொல்லுகிறாள். 'சோறு ஆறுது, உங்கறவங்க வந்து உங்கலாம்' என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல, அது எழுந்து வருகிறது, நானும் எழுந்து வருகிறேன். உன் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது இது, நீ போன பிறகு முற்றிவிட்டது. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு நியாயம் என்பது போன மாசம்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். என் வாயால் ஒரு தரம் முழுக்கச் சொன்னால்தான் என் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே பிடிபடும்.

மலையில் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகிற சின்ன ரயிலில் நான் பிட்டராக இருந்தபோது நீ கைக்குழந்தை. இரண்டடி அகலத் தண்டவாளம். பெரிய ரயில்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எஞ்சின் ஓட்டிய மாடசாமி தென்காசிப் பக்கத்து ஆள். 'ஏலே, பெருசு நிலத்துல ஓடும், சிறுசு மலைல ஏறும்லே' என்பான். அதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கர்வம். பிறகு மலையாளத்தார் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்கிற அந்த வெள்ளம் வந்தது. உனக்கு அப்போது எட்டு வயசு. கூரைமேல் உன்னை உட்கார வைத்தது உனக்கு நினைவிருக்கும். மழை விட்டுப் பார்த்தபோது பாலம் இல்லை, ஸ்டேஷன் இல்லை, கோடே இல்லை. எஞ்சினைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போன மாடசாமியும் இல்லை. பதினைந்து நாள் கழித்து, பாலம் இருந்த இடத்துக்குக் கீழே, உடைந்த கட்டை ஒன்று சேற்றில் கிடந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற குறுக்குக் கட்டைதான். அதில் ஒரு துண்டை அறுத்து, தோட்டத்து ஆபீஸ் அடிக்கோலை வைத்துச் சரியாக இரண்டு அங்குல அகலத்துக்கு இழைத்து எடுத்துக்கொண்டு மலையிறங்கினேன். திரும்ப அந்த ரயிலைப் போட மாட்டார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நானாவது போடுவேன் என்று நினைத்தேன். அடிக்கு ஓர் அங்குலம். இரண்டடி ரயிலுக்கு இரண்டங்குலம்.

அந்தக் கட்டைதான் என் அளவு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் அதை வைத்து, உரசாமல் ஆடாமல் உட்கார்ந்தால் ஆணி அடிப்பேன். பத்து வருஷத்தில் நம் பழைய மாட்டுக்கொட்டகையில் முப்பதடி நீளத்துக்குக் கோடு போட்டோம். போட்டோம் என்று சொல்லக் காரணம் நீதான். பீப்பாய்ப் பட்டையைத் தட்டி நிமிர்த்தித் தண்டவாளம் ஆக்கியது நான். மூங்கில் பத்தைகளைச் சீவி அடியில் அடுக்கியது நீ. சுவர்க் கடிகாரத்து வில்லைப் பிடுங்கி எஞ்சினுக்குள் வைத்தது நான். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அதற்கு உடம்பு செய்து கறுப்புச் சாயம் அடித்தது நீ. கொட்டகை வாசலில் 'இரண்டங்குல ரயில் சங்கம்' என்று பலகை எழுதி மாட்டினேன். உறுப்பினர் இரண்டு பேர். தலைவர் நான். மற்ற எல்லாப் பதவியும் நீ.

எனக்கு ஏன் ஆள் வேண்டியிருந்தது என்று நீ கேட்டதில்லை; ஊர்தான் கேட்டது. மலையில் இருந்த கோடு இருபது மைலுக்கு மேல். அதில் இருந்த ஒவ்வொரு ஸ்டேஷனையும் வளைவையும் ஒருவன் செய்து முடிக்க ஏழு ஜன்மம் வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு செய்தால் போதும். ஒருத்தர் மேல் ஸ்டேஷன், ஒருத்தர் பாலம், ஒருத்தர் நடுக்காட்டு வளைவு. ஏதாவது ஒரு நாள் எல்லாரும் அவரவர் துண்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஏதாவது ஒரு களத்தில் வரிசையாக வைத்துச் சேர்த்தால் மலை ரயில் முழுசாகக் கிடைத்துவிடும். மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் பொம்மை ரயில் வைத்திருந்த நாலைந்து பேரும் கடையில் விற்கிற ஒன்றேகால் அங்குலத்துக்காரர்கள். பட்டணத்திலிருந்து பெட்டியில் வரும், திறந்தால் ஓடும். அவர்களை என் பக்கம் இழுக்க நான் படாத பாடு இல்லை. சந்தையன்று கொட்டகையைத் திறந்துவிட்டு, வந்தவர்க்கெல்லாம் உன் அம்மா கையால் காப்பியும் முறுக்கும் கொடுத்தேன். முறுக்குத் தின்ன வந்தவர்கள் முறுக்குத் தின்றுவிட்டுப் போனார்கள். விலாசம் கிடைத்தவர்க்கெல்லாம் கார்டு எழுதினேன். 'அடிக்கு ஓர் அங்குலம். கையில் ஓர் அடிக்கோல் இருந்தால் போதும், வேறு எந்த வித்தையும் வேண்டாம்' என்று எல்லாக் கார்டிலும் ஒரே வாசகம். அதை நகல் எடுத்தது நீ.

பாலக்காட்டு வக்கீல் ஒருவர் மட்டும் பதில் போட்டார். 'உங்கள் ரயிலுக்கு நீங்களே டிரைவர், நீங்களே கொடி அசைக்கிற கார்டு, நீங்களே பாசஞ்சர். நான் ஏறினால் கூட்டம் அதிகமாகிவிடும்' என்று. நீ அதைப் படித்துச் சிரித்தாய், நான் சிரிக்கவில்லை. பக்கத்துச் சித்தூர் டாக்டர் நல்ல மனுஷர். அவர் நேரிலேயே வந்தார். கார்டில் சொன்னபடி தச்சனை வைத்து ஒரு கூட்ஸ் பெட்டி செய்து, துணியில் சுற்றி எடுத்து வந்தார். தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் உள்ளே இறங்கவில்லை; மேலே ஏறி நின்றது. 'ஏனுங்க, உங்க கோடு கொஞ்சம் ஒடுக்கமோ?' என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்னாளாமுங்க' என்றேன். அவர் முகம் மாறாமல் சிரித்து, 'அம்மணி வெளையாடட்டுமுங்க' என்று பெட்டியை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை. தச்சனின் கை சரியில்லை, டாக்டருக்குப் பொறுமை இல்லை, இந்த நாட்டில் யாருக்குமே துல்லியம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று ஒரு வாரம் உன்னிடம் புலம்பினேன். நீ மூங்கில் சீவிக்கொண்டிருந்தாய்.

பிறகு கந்தசாமி வந்தான். புதுக்கோடு போட்டு நம்மூருக்கு ரயில் வந்த பிறகு, ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக வந்த பெருமாட்டி ஊர்ப் பையன். ரயில் பொம்மை யாருக்கு வருகிறது என்று அவனிடம் விலாசம் கேட்கப் போனேன். அவனே ஒன்றேகால் அங்குல எஞ்சின் ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னான். விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்தான். அடுத்த ஞாயிறும் வந்தான். ஒரு வருஷம் ஒரு ஞாயிறு தவறவில்லை. என் பேச்சின் மகிமை என்றே நினைத்தேன், கண்ணு. உன் அம்மாதான் ஒரு நாள், 'அந்தப் பையன் தண்டவாளத்தைப் பார்க்க வர்றானா, இல்லை தண்டவாளத்துக்கு அக்கட்டால இருக்கறதைப் பார்க்க வர்றானா?' என்றாள். அதன் பிறகுதான், அவன் கேள்வி கேட்கும்போது என்னைப் பார்த்துக் கேட்பதும், பதிலை உன்னைப் பார்த்துக் கேட்பதும் என் கண்ணில் பட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளை, உறுப்பினருக்கு உறுப்பினர். பெருமாட்டியிலிருந்து பெண் கேட்டு வந்ததும், நான் போட்ட ஒரே நிபந்தனை, உப்புச்சர்க்கரை மாற்றுகிற நாளைக்குள் மாப்பிள்ளை தன் கையால் ஒரு பாசஞ்சர் பெட்டி செய்து கொண்டுவர வேண்டும் என்பது. இரண்டங்குலத்தில்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டு வண்டி நிறைய ஒறம்பரைச் சனம். வெற்றிலை, பழம், தட்டில் உப்பு, தட்டில் சர்க்கரை. இரண்டு வீட்டாரும் அதை மாற்றிக்கொண்டால் வாக்கு உறுதி. பையனின் தாய்மாமன் கலகலப்பான ஆள். 'எங்க பையன் மூணு மாசமா ராவும் பகலும் ஒரு பொட்டி பண்ணுனானுங்க. அது ஓடறதைப் பார்த்துட்டே உப்புச்சக்கரை மாத்திக்கலாமுங்க' என்றார். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? எல்லாரையும் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். கந்தசாமி பெட்டியைப் பிரித்தான். தேக்குப் பலகை, சன்னலுக்குச் சன்னல் கம்பி, உள்ளே எதிரும் புதிருமாகப் பெஞ்சு, அதற்குச் சிவப்புத் துணி. நான் பத்து வருஷத்தில் அவ்வளவு அழகான ஒன்றைச் செய்ததில்லை. அவனே தண்டவாளத்தில் வைத்தான். சக்கரம் இறங்கவில்லை. மெதுவாக அழுத்தினான். பெட்டி சாய்ந்து விழுந்தது.

தாய்மாமன் சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, கல்யாண வீட்டுச் சிரிப்பு. 'ஏனுங்க, பொட்டி ரயிலேற மாட்டீங்குது, டிக்கெட் வாங்கலீங்களாட்ட இருக்குது' என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. கந்தசாமி, 'ரெண்டு அங்குலந்தானுங்க மாமா. அடிக்கோல் வெச்சுத்தான் பண்ணுனேனுங்க' என்றான். நான் போய் அந்தக் கட்டையை எடுத்து வந்தேன். எல்லாரும் பார்க்க என் தண்டவாளத்துக்கு நடுவில் வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் பெட்டிக்கு அடியில் வைத்தேன். சக்கரம் கட்டையைத் தொடாமல் வெளியே தள்ளி நின்றது. 'பார்த்துக்கங்க' என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசெல்லாம் ஒன்றேகால் அங்குலத்தில் இருக்கிறவன் கையில் இரண்டங்குலம் எப்படி வரும் என்றேன். ஒரு கோட்டுக்கு உண்மையாக இருக்கத் தெரியாதவன் ஒரு பெண்ணுக்கு உண்மையாக இருப்பானா என்றும் கேட்டேன். எல்லார் காதிலும் விழ, நிதானமாகத்தான் கேட்டேன். அதுதான் இன்னும் கேவலம்.

பிறகு தாய்மாமன் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, 'உப்பு எங்க ஊட்டுலயே நெம்ப இருக்குதுங்க' என்றார். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்து போய் வண்டியில் ஏறினார்கள். கந்தசாமி மட்டும் பின்தங்கி, விழுந்து கிடந்த பெட்டியை நிமிர்த்தி, தண்டவாளம் முடிகிற இடத்தில் ஓரமாக வைத்துவிட்டுப் போனான். நீ கொட்டகை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். நீ என்னைப் பார்த்தாய். உன் அம்மா அன்றைக்குச் சொன்னது ஒரே வாக்கியம். 'தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு இருங்க.'

அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீதான் அனுபவித்தவள். உப்புச்சர்க்கரைத் தட்டு வரை வந்து நின்றுபோன பெண் என்று பேர் விழுந்தது. காரணத்தைக் கேட்டவர்கள் பொம்மை ரயில் என்றால் நம்பவில்லை. வேறு ஏதோ இருக்கிறது என்று அவர்களாகவே ஒன்றைச் சொல்லிக்கொண்டார்கள். கந்தசாமி மாற்றல் வாங்கிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனான். அடுத்த தையில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு வருஷம் நம் வாசலுக்கு யாரும் வரவில்லை. பிறகு நாற்பது வயசில், பெண்டாட்டியைப் பறிகொடுத்து, ஆறு வயசுப் பெண்குழந்தையோடு உன் மாப்பிள்ளை வந்தார். நல்லவர்தான். நான் நல்லவர் என்று சொல்வதற்கு என்ன மதிப்பு என்று நீ கேட்கலாம். உன்னைக் கேட்டபோது 'சரிங்கப்பா' என்றாய். ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது எல்லாப் பெண்களும் அழுகிற மாதிரி நீ அழவில்லை. சன்னல் வழியாகக் குனிந்து, 'அப்பா, எஞ்சினுக்குச் சாவி குடுக்க மறந்துறாதீங்க. வில்லு துருப் புடிச்சுரும்' என்றாய். வீட்டுக்கு வந்து சாவி கொடுத்தேன். முப்பதடி ஓடி நின்றது. எடுத்துத் திருப்பி வைக்க ஆள் இல்லை.

போன மாசம், மாப்பிள்ளையின் குழந்தைக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து அனுப்பலாம் என்று தோன்றியது. அதற்காவது என்னால் ஒரு பிரயோஜனம் இருக்கட்டும் என்று. வேலையை ஆரம்பித்தால் கட்டையைக் காணோம். உன் அம்மாவிடம் கேட்க முடியாது. பூனையிடம் கேட்டுப் பார்த்தேன், அவள் திரும்பவே இல்லை. சரி, இரண்டங்குலம்தானே என்று மில் மேஸ்திரியின் எஃகு அடிக்கோலை இரவல் வாங்கி, அதை வைத்துச் செய்தேன். முடித்துக் கொண்டுபோய்த் தண்டவாளத்தில் வைத்தேன். சக்கரம் இறங்கவில்லை.

நான் செய்த பெட்டி, அம்மணி. என் கையால் செய்தது. தச்சன் இல்லை, டாக்டர் இல்லை, ஒன்றேகால் அங்குலத்துக்காரன் இல்லை. அந்த அடிக்கோலை எடுத்துத் தண்டவாளத்துக்கு நடுவில் வைத்தேன். அரைக்கால் அங்குலம் குறைந்தது. ஒரு முழம் தள்ளி வைத்தேன், அங்கேயும் அரைக்கால். முப்பதடியும் அரைக்கால். கட்டை சமையலறையில் அரிசிப் பானை ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தது. பானையை நகர்த்தி எடுத்து அளந்தேன். அதுவும் அரைக்கால் குறைவு. மலையில் பதினைந்து நாள் வெள்ளத்தில் ஊறிய கட்டை. ஊறிய மரத்தை இரண்டங்குலத்துக்கு இழைத்துக்கொண்டு, கொல்லங்கோட்டுக் காற்றுக்கு வந்தேன். காய்ந்து சுருங்காமல் என்ன செய்யும்? இது ஒரு கற்றுக்குட்டித் தச்சனுக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷம் பிட்டர் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் கட்டையின் மேல் ஓர் அடிக்கோலை வைக்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அதைச் சந்தேகப்படுவது மாடசாமியைச் சந்தேகப்படுகிற மாதிரி இருந்திருக்கும். என் தண்டவாளம் அதன்படி, என் சக்கரம் அதன்படி, அதனால் நம் கொட்டகைக்குள் எல்லாம் சரியாகவே ஓடியது. வெளியிலிருந்து வந்த எதுவும்தான் ஓடவில்லை. அன்றைக்கு எடுத்து வைத்ததிலிருந்து கட்டிலுக்கு அடியில் இருந்த கந்தசாமியின் பெட்டியை எடுத்து அளந்தேன். டாக்டர் உனக்குக் கொடுத்த கூட்ஸ் பெட்டியை அளந்தேன். இரண்டும் இரண்டங்குலத்துக்குச் செய்தவை, நூல் பிசகாமல். ஓர் அடிக்கோல் போதும் என்று ஊருக்கெல்லாம் கார்டு எழுதினேன். அவர்கள் நம்பி அடிக்கோலை எடுத்தார்கள். நான் ஒருத்தன்தான் எடுக்கவில்லை.

அப்போதுதான் உன் பள்ளிக்கூட ஸ்கேல் ஞாபகம் வந்தது. உனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். கட்டையையும் ஸ்கேலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, 'அப்பா, இது கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க' என்றாய். இரண்டணா ஸ்கேலை வைத்துக்கொண்டு எனக்கு அளவு சொல்லித் தருகிறாயா என்று அதை வாங்கி முட்டியில் வைத்து ஒடித்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் இல்லாமல் நீ நின்றாய். இது எனக்கு இத்தனை வருஷம் நினைவிலேயே இல்லை. உனக்கு இருந்திருக்கும்.

அந்த வாரமே பெருமாட்டிக்குப் போனேன். கந்தசாமி லீவில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று உன் அம்மா பூனையிடம் சொன்னாள், ஆனாலும் போனேன். தென்னந்தோப்புக்குள் வீடு. அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், தொட்டிலில் குழந்தை. தாய்மாமன் இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார், எனக்கும் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். கந்தசாமி, 'வாங்க மாமா, உக்காருங்க' என்றான். அந்த 'மாமா'வைக் கேட்டுக்கொண்டு உட்கார எனக்குக் கூசியது. கட்டையையும் அடிக்கோலையும் அவன் முன்னால் வைத்து, 'தப்பு என்னோடதுதான் கந்தசாமி. உன் பொட்டி சரி' என்றேன். அவன் கட்டையை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. கொஞ்ச நேரம் தொட்டிலை ஆட்டிவிட்டு, தாழ்ந்த குரலில், 'தெரியுமுங்க மாமா. அம்மணி முன்னாலயே சொல்லுச்சுங்க, அரைக்கால் கொறைச்சுப் பண்ணுங்க, அப்பத்தான் எங்கப்பாரு கோட்டுல ஓடும்னு. நாந்தான் கேக்கலீங்க. மாமா ரெண்டுன்னு சொன்னா ரெண்டாத்தான் இருக்கும்னு இருந்துட்டனுங்க' என்றான்.

பத்து வருஷம் ஆள் தேடினேன், கண்ணு. என் பேச்சை அப்படியே நம்புகிற ஓர் ஆள் கிடைக்க மாட்டானா என்று. கிடைத்தான். என்னை நம்பினதுதான் அவன் செய்த தப்பு.

திரும்பி வரும் வழியெல்லாம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நீ நின்றதுதான் கண்முன் நின்றது. உனக்குத் தெரியும். கட்டை தப்பு என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நீ ஒருத்தி என்றுதான் அந்த வழியில் நினைத்தேன். ஓர் அடிக்கோலைக் கொண்டுவந்து வையுங்கள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தாய்மாமன் இன்னொரு தரம் சிரித்திருப்பார், எனக்கு மானம் போயிருக்கும், உனக்குக் கல்யாணம் நடந்திருக்கும். நீ என் முகத்தைப் பார்த்தாய், சொல்லவில்லை. அப்பனின் மானத்துக்காக விட்டுக்கொடுத்தாயா, இல்லை சொன்னாலும் இவன் ஒடித்துத்தான் போடுவான் என்று விட்டாயா, எனக்குத் தெரியாது. முதலாவதாக இருந்தால் என்னால் தாங்க முடியாது. இரண்டாவதாக இருந்தாலும் தாங்க முடியாது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. மன்னித்தால் எது மாறப் போகிறது? பெரியவர்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒரே ஒரு புத்திதான் மிச்சம் இருக்கிறது. அந்தக் குழந்தை, மாப்பிள்ளையின் குழந்தை, இப்போது உனக்கும் குழந்தை. அது ஏதாவது ஒரு நாள் உன்னிடம் ஓடி வந்து, நீ செய்ததில் ஏதோ கோளாறு என்று சொல்லும். அளந்து பார்த்துவிட்டு அதட்டு. அதட்டாமல் இருக்க உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நான் செய்த சின்னப் பெட்டியை அனுப்பவில்லை. இரண்டங்குலத்துக்கு அங்கே தண்டவாளம் கிடையாது, இங்கேயும் கிடையாது. வாசல் பலகையைக் கழற்றிவிட்டேன். போன ஞாயிறு, தண்டவாளத்தின் ஒரு முனையில் நாலடியைப் பிடுங்கி, எஃகு அடிக்கோலை வைத்து அகலமாக்கி அடித்தேன். கந்தசாமியின் பெட்டியை அதில் வைத்தேன். கச்சிதமாக இறங்கிற்று. ஒரு விரலால் தள்ளியதும் சத்தமே இல்லாமல் நாலடி போயிற்று, பழைய கோடு ஆரம்பிக்கிற இடத்தில் முட்டி நின்றது. மிச்சத்தைப் பிடுங்க எனக்குத் தெம்பில்லை. பிடுங்கித் திருத்திப் போட்டாலும் கொண்டுவர யாரிடமும் பெட்டி இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்து, இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்படியில் உட்கார்ந்து, பூனையைத் தடவிக்கொண்டு, கடைசிவரை கேட்டாள். பிறகு நாலு மாசத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, 'எனக்கும் தெரியுமுங்க' என்றாள். 'ஸ்கேல ஒடிச்ச அன்னைக்கே அம்மணி எங்கிட்டச் சொல்லி அழுதுச்சு.' அப்படியானால் அன்றைக்குக் கூட்டத்தில் நீயாவது ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். கொஞ்சமும் கோபம் இல்லாமல், 'யாருகிட்டச் சொல்றதுங்க?' என்றாள்.

அதனால், இனிமேல் உனக்கு எதுவாக இருந்தாலும் அப்பனுக்கு எழுது என்று கேட்க எனக்கு வாயில்லை, அம்மணி. நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று மாப்பிள்ளையை ஒரு கார்டு போடச் சொல். அது போதும்.

உன் அப்பன்